லாங் மிண்ட் மலையில் ஒரு நாள் ஜியோகேச்சிங்: எப்படித் திட்டமிடுவது?

பர்மிங்ஹாமுக்கு வேலைக்கு வந்தபின் பூங்காக்களிலும் கால்வாய்க் கரைகளிலும் ஜியோகேச்சிங் (யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டு) பழகிவிட்டதாகவும், இனி மலைப்பக்கம் ஒரு முழு நாள் நடந்து பெட்டி தேட ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே போவது, ஒரு நாளில் எத்தனை பெட்டி எதிர்பார்க்கலாம், ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இடம் என்றால் நான் தயங்காமல் சொல்வது ஷ்ரோப்ஷயரின் லாங் மிண்ட். பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் ஷ்ரூஸ்பரி வந்து, அங்கே வண்டி மாறி ஹெரிஃபோர்டு போகும் பாதையில் சர்ச் ஸ்ட்ரெட்டனில் இறங்கினால் போதும். நிலையத்திலிருந்து நடந்தே மலைக்குள் நுழைந்துவிடலாம், கார் தேவையில்லை. 1958-லேயே பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஷ்ரோப்ஷயர் குன்றுகளின் நடுவில் இருக்கிறது. பீக் டிஸ்ட்ரிக்ட், லேக் டிஸ்ட்ரிக்ட் அளவுக்கு வார இறுதிக் கூட்டமும் இருக்காது. உயரம் என்று பார்த்தால் உச்சியான போல் பேங்க் 516 மீட்டர்தான். நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் லாங் மிண்ட் ஒரு நீண்ட மேட்டுநிலம். அதன் கிழக்குப் பக்கத்தை ஓடைகள் அறுத்து அறுத்துச் செங்குத்தான பள்ளங்களாக ஆக்கியிருக்கின்றன. ஹாலோ, பேட்ச் என்று முடியும் பெயர்களை வரைபடத்தில் பார்த்தால் அதெல்லாம் இந்தப் பள்ளங்கள்தான். பெட்டி தேடுகிறவருக்கு இந்த மலையின் குணம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சிறு விளக்கம். அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை நூறு மீட்டர்வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் அன்று முதல் பத்து இருபது மீட்டருக்குள் இடத்தைக் காட்டின. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் வெளியிட்டார். தொடக்கம் அதுதான். இன்று யாரோ ஒளித்த பெட்டியை (இதைத்தான் கேச் என்பார்கள்) நீங்கள் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அன்றிரவு இணையத்திலும் பதிவுசெய்கிறீர்கள். இங்கிலாந்துக்கு இந்த மாதிரி தேடல் அதற்கு முன்பே பழக்கம். டார்ட்மூரின் கிரான்மியர் பூல் என்ற சதுப்பில் 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே வரை நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவைக்க ஒரு புட்டியை வைத்தார். லெட்டர்பாக்ஸிங் என்று அது இன்றும் நடக்கிறது. மலையில் நடந்து ஒரு பெட்டியைக் கண்டுபிடிக்கும் ஆசை இந்த நாட்டில் செயற்கைக்கோளுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கால்வாய்க் கரையில் பழகியவர் மலைக்கு வரும்போது மாற்றிக்கொள்ள வேண்டிய முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு: ஆப் காட்டும் அம்புக்குறியைப் பின்தொடர்வதை விட்டுவிட வேண்டும்.

அம்புக்குறி காட்டுவது நேர்கோட்டுத் தூரம், அதுவும் தட்டையான தாளில் அளந்த தூரம். ‘அடுத்த பெட்டி 400 மீட்டர்’ என்று காட்டும். நீங்கள் நிற்பது பள்ளத்தின் ஒரு விளிம்பிலும் பெட்டி இருப்பது எதிர்விளிம்பிலும் என்றால், நடுவில் நூறு மீட்டர் இறங்கி, ஓடையைத் தாண்டி, நூறு மீட்டர் ஏற வேண்டும். பாதை இல்லாத ஹெதர் புதரில் அது முக்கால் மணி நேர வேலை, முழங்காலுக்கும் நல்லதல்ல. அதே பெட்டிக்குப் பள்ளத்தின் தலைப்பகுதியைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் சமமான பாதையில் போனால் இருபத்தைந்து நிமிடத்தில் எட்டிவிடலாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதி மேடு பள்ளம் பார்ப்பதில்லை, தாளில் அளந்த தூரத்தை மட்டுமே பார்க்கும். ஆகவே ஆப்பில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு பச்சைப் புள்ளிகள் உண்மையில் இரண்டு தனித்தனி நடைகளுக்குரியவையாக இருக்கலாம்.

அதனால் மலையில் முதலில் நடையைத் தீர்மானியுங்கள், அந்த நடையின் வழியில் விழும் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவற்றைக் கோடு போட்டு இணைத்து நடை ஆக்கப் பார்க்காதீர்கள். சமவெளிக் கிராமங்களில் அந்த இரண்டாவது முறையும் பலிக்கும். வயல்வெளிப் பாதையைச் சுற்றி ஒருவரே முப்பது நாற்பது பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார், வேலிக்கம்பம் வேலிக்கம்பமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். மலையில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்த்துப் போனால் நாள் முழுக்க மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும்.

இதற்குக் காகித வரைபடம் வேண்டும். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 217-ஆம் எண் வரைபடம் லாங் மிண்ட் பகுதிக்கானது. 1:25,000 அளவு, அதாவது நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். முந்தின நாள் இரவு சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, பெட்டிகள் இருக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். குறித்து முடித்ததும் எது பள்ளத்துக்குள், எது விளிம்பில், எது உச்சியில் என்பது சமவுயரக் கோடுகளைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கோடுகள் நெருங்கி நெருங்கி இருக்கும் இடத்தைக் குறுக்கே கடக்கச் சொல்லும் எந்தப் பெட்டியையும் அன்றைக்கு விட்டுவிடலாம். ஒரு சிறு எச்சரிக்கை: ஜியோகேச்சிங்கில் இடத்தைக் குறிப்பது அட்சரேகை, தீர்க்கரேகையால்; வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் கட்டங்கள் பிரிட்டிஷ் தேசியக் கட்டமைப்பைச் சேர்ந்தவை. இரண்டும் வேறு வேறு. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் சொந்த ஆப்பிலோ வேறு இணையக் கருவியிலோ மாற்றிக்கொள்ளலாம். கையால் எண்களை உள்ளிட்டால் மேற்கு, கிழக்கு என்பதைக் கவனியுங்கள். லாங் மிண்ட் கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 2 பாகை 50 நிமிடத்தில் இருக்கிறது. அதையே கிழக்கு என்று கொடுத்தால் கருவி உங்களை நார்ஃபோக்கைத் தாண்டி வட கடலுக்குள் அனுப்பும்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றைக்கும் போதும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம். கீழே நான் சொல்லப்போகும் சுற்று சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 350 மீட்டர். நடக்க மட்டும் மூன்று மணி பத்து நிமிடம் ஆகிறது. மலைப் பெட்டி ஒன்றுக்குத் தேட, எழுத, திரும்ப வைக்கப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் பத்துப் பெட்டிக்கு இரண்டு மணி நேரம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி. மொத்தம் ஆறு மணி நேரம். ஒன்பது வயதுக் குழந்தையோடு என்றால் நடை நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள், ஏழரை மணி நேரம் வரும். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, பிரச்சினையே இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது இந்தச் சுற்று குழந்தையோடு வேண்டாம். ஆக, எத்தனை பெட்டி என்ற கேள்விக்கு என் பதில் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு மேல் கிடைத்தால் மகிழ்ச்சி, திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இப்போது சுற்று. நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் வழியில் புனித லாரன்ஸ் தேவாலயம் இருக்கிறது. இங்கிலாந்து முழுக்கத் தேவாலயங்களை ஒட்டிச் சிறு பெட்டிகள் வைக்கும் ஒரு பெரிய தொடர் உண்டு, ‘சர்ச் மைக்ரோ’ என்பார்கள். எந்த ஊர் நடையையும் அப்படி ஒரு தேவாலயத்தில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும், அந்த ஊரின் வயது உடனே கையில் கிடைத்துவிடுகிறது. இந்தத் தேவாலயத்தின் நார்மன் காலத்து வடக்கு வாசலுக்கு மேலே, ஷீலா நா கிக் என்று அழைக்கப்படும் பழைய பெண் உருவச் சிற்பம் ஒன்று பதிந்திருக்கிறது. நின்று பாருங்கள்.

அடுத்தது கார்டிங் மில் பள்ளத்தாக்கு. ஆட்டுக் கம்பளியைச் சிக்கெடுக்கும் ஆலை இங்கே இருந்ததால் வந்த பெயர். இப்போது இயற்கை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. தேநீர்க் கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. மேலே எதுவும் கிடைக்காது என்பதால் தண்ணீர் நிரப்புவதும் மற்றதும் இங்கேயே முடியட்டும். பள்ளத்தாக்கின் உள்பக்கம் பாதை பிரியும். இடப்பக்கம் லைட்ஸ்பவுட் ஹாலோ வழியாகப் போனால் ஒரு சிறிய அருவி, அதன் பக்கத்தில் கல்லைப் பிடித்து ஏறும் ஓர் இடம், அப்புறம் மேட்டுநிலம். மகளுக்கு அந்த நாளிலேயே அதிகம் பிடிக்கப்போவது இந்தப் பகுதியாகத்தான் இருக்கும்.

இந்தப் பள்ளத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறும். காரணம் எளிது. இடத்தைக் கணக்கிட வானத்தில் பரவலாகக் குறைந்தது நாலு செயற்கைக்கோளாவது தெரிய வேண்டும். இருபக்கமும் சரிவு எழுந்து நிற்கும்போது தாழ்வானத்தில் இருப்பவை மறைந்துவிடும், மேலேயிருந்து வரும் சமிக்ஞையும் சரிவில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேரும். திறந்த வெளியில் மூன்று நாலு மீட்டருக்குள் சரியாகக் காட்டும் போன் இங்கே பத்துப் பதினைந்து மீட்டர் தவறும். எண் குதித்துக்கொண்டே இருந்தால் அதைத் துரத்தாதீர்கள். கருவியைப் பாறைமேல் இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள், எண் நிலைக்கட்டும். அல்லது இருபது முப்பது மீட்டர் விலகிப் போய் வேறொரு திசையிலிருந்து நெருங்குங்கள். இரண்டு தடவையும் சுட்டும் இடங்களுக்கு நடுவில் தேடுங்கள். மொபைல் சிக்னலும் பள்ளங்களுக்குள் சரியாக இருக்காது. பெட்டிகளின் விவரம், குறிப்பு, வரைபடம் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறியதும் காட்சி அடியோடு மாறிவிடும். மரமே இல்லாத அகன்ற மேடு, கண்ணுக்கெட்டிய தூரம் ஹெதர். ஆகஸ்டில் மலை முழுக்க ஊதா நிறம். ஜூலை, ஆகஸ்டில் பாதையோரத்தில் கருநீலச் சிறுபழங்களும் பழுத்திருக்கும், விம்பெரி என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். அதை மாவுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ (pie) இந்தப் பகுதியின் பலகாரம். அரைக்காட்டுத்தனமாக மேயும் மட்டக்குதிரைகளும் கண்ணில் படும். பக்கத்தில் போய்த் தீனி கொடுக்காதீர்கள்.

முன்பு வேட்டைக்காரர்களின் குடில் நின்ற ஷூட்டிங் பாக்ஸ் என்ற இடத்தில் வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து போல் பேங்க் நல்ல பாதை. உச்சியில் திசைகாட்டும் வட்டத் தகடு ஒன்றும், அளவைத்தூண் ஒன்றும் நிற்கின்றன. இந்தக் காங்கிரீட் தூண்களைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன் நாட்டை அளந்தது இவற்றை வைத்துத்தான். 1936-ல் தொடங்கிய மறு அளவையில் மார்ட்டின் ஹோட்டின் வடிவமைத்த தூண்கள் பிரிட்டன் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. ஒரு தூணிலிருந்து பார்த்தால் குறைந்தது இரண்டு தூண்களாவது தெரிய வேண்டும். அந்த முக்கோணங்களின் கோணங்களை அளந்து அளந்து முழு நாட்டின் வரைபடத்தையும் திருத்தினார்கள். பையிலிருக்கும் போன் செய்வதும் ஒரு வகையில் அதே கணக்குதான். தூணுக்குப் பதில் செயற்கைக்கோள், கோணத்துக்குப் பதில் தூரம். எனக்கு இந்த விளையாட்டில் இப்படிப்பட்ட இடத்தில் நிற்பதே பெரிய காரணம். தெளிவான நாளில் தெற்கே மால்வெர்ன் குன்றுகளும் வேல்ஸின் பிரெகன் மலைகளும் தெரியும். மேற்கு விளிம்பின் மேலே கிளைடர்கள் (இயந்திரமில்லாத விமானங்கள்) சத்தமில்லாமல் வட்டமிடும், பக்கத்திலேயே ஒரு கிளைடர் மன்றம் இருக்கிறது.

பெட்டி இல்லாத கேச் ஒரு வகை உண்டு, எர்த்கேச். 2004-ல் தொடங்கியது. அங்கே போய்ப் பாறையைப் பார்த்து, கேட்டிருக்கும் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். பட்டியலில் எது கிடைத்தாலும் தவறவிடாதீர்கள், ஏனென்றால் இந்த வட்டாரம் நிலவியலுக்கு அவ்வளவு பேர்போனது. லாங் மிண்டின் பாறைகள் சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலும் சேறுமாகப் படிந்தவை. கிடையாகப் படிந்த அடுக்குகள் இன்று செங்குத்தாக நிமிர்ந்து நிற்பதைப் பள்ளங்களின் ஓரத்தில் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஊர் இருக்கும் பள்ளத்தாக்கு ஒரு பெரிய நிலப்பிளவின் மேல் அமைந்தது; அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் கேர் கரடாக் குன்று எரிமலைப் பாறை.

இறங்க ஆஷஸ் ஹாலோ. போல் காட்டேஜ் பக்கமாகப் போய்ப் பள்ளத்தின் தலைப்பகுதியில் இறங்கும் பாதையைப் பிடியுங்கள். ஓடை கூடவே வரும், பாதை அதை அங்குமிங்கும் பலமுறை தாண்டும், சில இடங்களில் ஈரப்பாறைமேல் கையூன்றி இறங்க வேண்டும். லாங் மிண்டின் பள்ளங்களில் இதுதான் எனக்கு மிகவும் அழகு. அடியில் லிட்டில் ஸ்ட்ரெட்டன் கிராமம், மரச்சட்டத்தில் கட்டி வைக்கோல் கூரை வேய்ந்த ஒரு சிறு தேவாலயம், இரண்டு பழைய பப்கள். அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரெட்டனுக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று கூட.

தேடும் முறையைப் பற்றிக் கொஞ்சம். ஊருக்குள் பெட்டி ஒளியும் இடங்கள் வேறு, மலையில் வேறு. மரமில்லாத மேட்டில் பெட்டி இருக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: தனியாக நிற்கும் ஹாதார்ன் மரத்தின் அடி, வேலி திரும்பும் மூலைக்கம்பம், பழைய ஆட்டுப்பட்டி, கோர்ஸ் முட்புதர், பாறைக் குவியல். பாதையில் நின்றபடியே முதலில் கண்ணால் தேடுங்கள். இயற்கை அடுக்காத மாதிரி இரண்டு கல் அடுக்கியிருக்கும், அல்லது குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும். அதுதான். கருவி சுட்டும் இடத்தைச் சுற்றி ஹெதரை மிதித்துத் துவைப்பது தேடல் ஆகாது. ஹெதர் மெதுவாக வளரும் செடி, ஒரு பருவத்தில் சில பேர் மிதித்தாலே வடு விழும். பதினைந்து நிமிடம் பார்த்தும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவிட்டுவிட்டு நடையைத் தொடருங்கள். அந்தப் பதிவும் உதவிதான், வைத்தவர் வந்து சரிபார்ப்பார்.

சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மலைப்பகுதிகளில் நிறைய இருக்கும். பிரிட்டனின் விதிப்படி அந்தச் சுவர்களில் பெட்டி வைக்கக் கூடாது. ஆகவே கருவி சுவரைச் சுட்டினாலும் ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள், பக்கத்திலுள்ள கம்பத்தையோ மரத்தையோ பாருங்கள். ஒரு கல் நகர்ந்தால் அடுத்த மழைக்குள் ஒரு கஜம் சரிந்துவிடும். அதைத் திரும்ப எழுப்பும் வேலை ஓர் ஆட்டுப் பண்ணைக்காரரின் தலையில் விழும்.

எந்த நிலத்தில் நடக்கலாம் என்ற சந்தேகமும் இருக்கும். மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம் என்ற பாதை. வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடுகள் இவற்றைக் குறிக்கும். பாதை யாருடைய வயல் வழியாகப் போனாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2000-ஆம் ஆண்டு வந்த சட்டத்தால் மலை, புதர்வெளி, பொதுமேய்ச்சல் நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் அந்த நிலம் வெளிர் மஞ்சளாக இருக்கும், லாங் மிண்டின் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் நடக்கும் உரிமை வேறு, பெட்டி வைக்கும் உரிமை வேறு. பிற்பாடு நீங்களே ஒன்று வைக்க ஆசைப்பட்டால் நிலத்துக்காரரின் அனுமதி கட்டாயம் வேண்டும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் கூடுகட்டும் பறவைகளுக்காக இந்த நிலத்தில் நாயைக் குட்டையான கயிற்றில்தான் கூட்டிப்போக வேண்டும், நாமும் அந்த மாதங்களில் பாதையை விட்டு அதிகம் விலகாமல் இருப்பது நல்லது. கன்றோடு நிற்கும் பசுக்களை நெருங்காமல் சுற்றிப் போங்கள், நடுவே நுழையாதீர்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவற்றில் பென்சில் முக்கியம், ஈரத்தாளில் பேனா எழுதாது. நகத்தளவு பெட்டியிலிருந்து சுருட்டிய தாளை எடுக்கச் சின்ன சாமணம், முட்புதருக்குக் கையுறை, பவர் பேங்க், மழைச்சட்டை, விசில், டார்ச். நீளக் காற்சட்டை போடுங்கள்: காஞ்சொறிச் செடி எங்கும் உண்டு, கோடையில் இடுப்புயரம் வளரும் பெரணிப் புதரில் உண்ணிகள் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நுனிச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் செந்தடிப்பு பரவினால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்தப் பெரணித் தொல்லையால்தான் நான் ஏப்ரல் கடைசி, மே மாதத்தைச் சிபாரிசு செய்வேன். நாள் நீளம், புதர் இன்னும் எழும்பியிருக்காது, பெட்டிகள் கண்ணில் படும். அடுத்தபடி செப்டம்பர்.

வானிலை விஷயத்தில் இந்தச் சின்ன மலையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1865 ஜனவரி 29, ஒரு ஞாயிறு. உல்ஸ்டாஸ்டன் ஊரின் பாதிரியார் டொனால்ட் கார், மலையின் மறுபக்கம் ரேட்லிங்ஹோப்பில் வழிபாடு நடத்திவிட்டு லாங் மிண்டைத் தாண்டித் திரும்பினார். பலமுறை நடந்து பழகிய வழி. பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இரவு முழுக்கவும் மறுநாளும் பள்ளங்களுக்குள் விழுந்து விழுந்து எழுந்து, காலணிகளை இழந்து, பனியின் வெளிச்சத்தில் கண் மங்கி, கடைசியில் கார்டிங் மில் பக்கம் குழந்தைகளின் குரல் கேட்டுத்தான் உயிர் தப்பினார். பிறகு அதை அவரே எழுதியும் வைத்தார். மேலே மேகம் இறங்கிவிட்டால் ஒரு பள்ளத்தின் வாய் இன்னொன்றைப் போலவே இருக்கும். தவறான ஒன்றில் இறங்கினால் செங்குத்தான சரிவில் மாட்டிக்கொள்வீர்கள். பெட்டி இன்னும் ஐம்பது மீட்டர்தான் என்று காட்டினாலும், மூடுபனியில் பாதையை விட்டு இறங்காதீர்கள். அவசரம் என்றால் 999 அல்லது 112 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். வரைபடக் கட்ட எண்ணைச் சொல்லத் தயாராக இருங்கள். குரல் சிக்னல் கிடைக்காத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும், ஆனால் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப உங்கள் எண்ணை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். இன்றைக்கே செய்துவிடுங்கள். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

மகளைக் கூட்டிப்போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம், இரண்டு மாற்றங்களோடு. முதல் பெட்டி நடை தொடங்கி அரை மணி நேரத்துக்குள் வரும்படி பாருங்கள்; அதுவும் உள்ளே பொம்மை மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெரியதாக, ‘ஸ்மால்’ அல்லது ‘ரெகுலர்’ அளவில் இருக்கட்டும். எடுத்தால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும் என்பதால் அவளிடமே ஒரு சின்னப் பையில் நாலைந்து பொருட்களைக் கொடுத்து வையுங்கள். தின்பண்டம் வைக்கக் கூடாது, எலியும் பேட்ஜரும் மோப்பம் பிடித்து வந்து பெட்டியையே கடித்துவிடும். கருவியை அவள் கையில் கொடுங்கள், வரைபடம் உங்கள் கையில் இருக்கட்டும். நிலப்பரப்புக் கடினம் ஒன்றிலிருந்து ஐந்துவரை குறித்திருப்பார்கள். ஒன்று சக்கர நாற்காலியிலும் போகக்கூடியது, ஐந்து கயிறோ படகோ வேண்டியது. அவளோடு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

அன்று காலை சர்ச் ஸ்ட்ரெட்டனில் இறங்கும்போது மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தால் பெரிய சுற்றை விட்டுவிடுங்கள். கார்டிங் மில் பள்ளத்தாக்கில் அருவிவரை போய்த் திரும்பி, பின் ஊரிலிருந்து லிட்டில் ஸ்ட்ரெட்டன்வரை அடிவாரப் பாதையில் போய்வந்தால் மொத்தம் சுமார் பத்து கிலோமீட்டர் வரும். ஏற்றம் பெரிய சுற்றைவிடக் குறைவு, பாதை தெளிவானது, வழியில் அன்று கிடைக்கும் பெட்டிகளும் அவளுக்குப் போதும். மீதியை இன்னொரு தெளிவான நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ரயில் நேரத்தை மட்டும், முக்கியமாக ஞாயிறு என்றால், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.